திடலில் ஒரு மணி நேரம்

சுங்கை லெபான் நகரில் இதயத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் தான்தான் என்று, ஊரார் மரியாதையாக 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் மஸ்ரிசால் நம்பினார். அவர் மருத்துவர் அல்ல. தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே 'ஆரோக்கிய இதயம்' உடற்பயிற்சிக் குழுவுக்குத் தலைவராகிவிட்டார். ஆறு வருடமாகத் தினமும் காலையில், சிவப்புச் சட்டை போட்ட நாற்பது பேர் நகரத் திடலில் அவருடைய விசிலுக்குக் கையைத் தூக்கினார்கள், காலை உதறினார்கள், மூச்சை ஆழமாக இழுத்து விட்டார்கள். மழை பெய்தால் தார்ப்பாய்க்குக் கீழே நடக்கும். நின்றது என்பதே இல்லை.

திடலுக்கு எதிரே அஸ்ருலின் காப்பிக்கடை. அஸ்ருலுக்கு ஐம்பத்தெட்டு வயது, பெரிய தொந்தி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு சிகரெட். பயிற்சி முடிந்ததும் மஸ்ரிசால் சர்க்கரை போடாத காப்பி குடித்தபடி அவனைக் கிண்டல் செய்வார்.

"உன்னைத் தூக்கிட்டுப் போக எட்டு பேர் வேணும்டா அஸ்ருல்."

"அதான் நாப்பது பேரைத் தயார் பண்ணி வச்சிருக்கீங்களே அண்ணே," என்பான் அவன்.

ஆகஸ்ட் கடைசியில் புகை வந்தது. அது வருடா வருடம் வருவதுதான். எண்ணெய் தரும் செம்பனை நடுவதற்காகத் தெற்கே சதுப்புக்காட்டை வெட்டித் தீ வைப்பார்கள். மேலே அணைந்தாலும், மக்கிய இலைதழையாலான அந்த மண் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இந்த வருடம் மழை எட்டியே பார்க்கவில்லை. செப்டம்பர் நடுவில், திடலின் ஒரு முனையில் நின்றால் மறு முனையிலிருக்கும் மசூதி தெரியவில்லை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். நாற்சந்தியில் காற்று மாசின் அளவைக் காட்டும் மின்பலகை முந்நூறைத் தாண்டி, 'ஆபத்து' என்று எழுதிக் காட்டியது.

"அது குழந்தைங்களுக்கும் நோயாளிங்களுக்கும் போட்டது," என்று மஸ்ரிசால் குழுவினரிடம் சொன்னார். "புகை வந்துட்டுதேன்னு இதயத்தைப் பட்டினி போட முடியுமா? இப்பத்தான் அதுக்கு அதிக பலம் வேணும்."

எல்லோருக்கும் முகமூடி வாங்கிக் கொடுத்தார். தன்னுடையதில் மட்டும் நடுவில் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டார், விசில் ஊத வேண்டுமே.

இபு யுஸ்னிடார், அதாவது யுஸ்னிடார் அம்மா, கேக் செய்து விற்கிறவர், குழுவில் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காதவர். ஒரு காலையில் அவர் மஸ்ரிசாலின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பாக், ரெண்டு நாளா படி ஏறினா நெஞ்சை யாரோ அமுக்கறாப்பல இருக்கு. புகை அடங்கற வரைக்கும் வீட்டுலயே இருக்கட்டுமா?"

மஸ்ரிசால் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். "நம்ம இபு யுஸ்னிடாரோட இதயம் லீவு கேக்குதாம்! குடுத்துடலாமா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். யுஸ்னிடாரும் சிரித்துவிட்டு வரிசையில் போய் நின்றார்.

அந்த மாதக் கடைசியில் நகராட்சி நடத்தும் உடற்பயிற்சிப் போட்டி வேறு இருந்தது. மூன்று வருடமாகக் கோப்பை மஸ்ரிசாலின் குழுவுக்குத்தான். நாலாவதும் வேண்டும் என்று அரை மணி நேரப் பயிற்சியை ஒரு மணி நேரமாக்கினார்.

நாலாவது நாள், துள்ளிக் கை தட்டும் கட்டத்தில், இடது தாடையில் ஒரு வலி புறப்பட்டது. பல்வலி என்று நினைத்தார். அது தோளுக்கு இறங்கியது. முதுகெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. விசிலை ஊதினார், காற்றுதான் வந்தது. மறுகணம் புல்லில் உட்கார்ந்திருந்தார், எப்படி உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

சுற்றி நின்றவர்கள் விசிறினார்கள், புகையைத்தான் விசிறினார்கள். எதிர்க்கடையிலிருந்து அஸ்ருல் தொந்தி குலுங்க ஓடிவந்தான். நாலு பேரை அதட்டி அவரைத் தன் வேனில் ஏற்றினான்.

"பதறாதடா," என்றார் மஸ்ரிசால், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் தினமும் பயிற்சி பண்றவன். இது வெறும் வாயு."

"வாயுதான் அண்ணே, யார் இல்லைன்னா? வெளியிலேருந்து வந்த வாயு. பேசாம வாங்க."

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் விதியா கட்டிலருகே ஒரு தாளோடு வந்தார். இளம்பெண், தூங்கிப் பல நாளான கண்கள்.

"சிகரெட் உண்டா?"

"தொட்டதே இல்ல."

"சர்க்கரை?"

"கிடையாது. பிரஷருக்கு மாத்திரை போடறேன். கட்டுக்குள்ள இருக்கு."

"இந்த மூணு வாரமா வெளியில என்ன செஞ்சீங்க?"

"உடற்பயிற்சி," என்றார் மஸ்ரிசால், கொஞ்சம் பெருமையாகவே. "இதயத்துக்காக."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"பாக், சும்மா உக்காந்திருக்கறவரைவிட, குதிக்கிறவர் பல மடங்கு காத்தை உள்ள இழுக்கறார். காத்துல இருக்கற நுண்தூசியும் அத்தனை மடங்கு போகும். அது மூக்கோட நிக்கறதில்ல, நுரையீரலைத் தாண்டி ரத்தத்துலயே கலந்துடும். ரத்தம் உறையப் பாக்கும். குழாயில ஏற்கனவே படிஞ்சிருக்கற கொழுப்பு உடைஞ்சு, அங்கேயே கட்டி அடைச்சுக்கும். உங்களுக்கு அதான் ஆகியிருக்கணும்."

"அப்ப என்னைத் தூக்கிட்டு வந்தானே ஒருத்தன், நாள் முழுக்க ஊதறான். அவனுக்கு ஏன் வரல?"

"வரும். அவர் முறை இன்னும் வரல, அவ்வளவுதான்." டாக்டர் எழுந்தார். "இந்த மாசம் சிவப்புச் சட்டையோட வந்தவங்கள்ல நீங்க ரெண்டாவது. நேத்து மூணாவது ஆளும் வந்துட்டாங்க. கேக் விக்கறவங்களாம்."

மஸ்ரிசாலால் படுத்திருக்க முடியவில்லை. மனைவி எர்னாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பகுதிக்குப் போனார். யுஸ்னிடார் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். தலைவர் இல்லையென்று பயிற்சி நின்றுவிடக்கூடாதே என, அவருடைய இடத்தில் தானே நின்று நடத்தியிருக்கிறார்.

"யார் உங்களைப் போகச் சொன்னது?" என்றார் மஸ்ரிசால்.

"நீங்கதான் பாக், ஆறு வருஷமா சொல்றீங்க." யுஸ்னிடார் கண்ணைத் திறக்காமலே லேசாகச் சிரித்தார். "பரவால்ல. லீவு கிடைச்சிடுச்சு."

வீட்டுக்கு வந்த பிறகும் மஸ்ரிசாலுக்கு அந்தச் சிரிப்புதான் கண்முன் நின்றது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்து எர்னாவதி அவரை உள்ளே வைத்திருந்தார். சனிக்கிழமை தெருவில் ஒலிபெருக்கி வண்டி போனது. 'புகையை வெல்வோம், இதயம் காப்போம்! நாளை காலை மாபெரும் உடற்பயிற்சிப் போட்டி!' அந்த வாசகத்தை ஜூலையில் எழுதிக் கொடுத்ததே மஸ்ரிசால்தான். புகை என்று அப்போது அவர் சொன்னது சிகரெட்டை.

போட்டிப் பொறுப்பாளர் பாக் ஹஸ்புல்லாவைத் தொலைபேசியில் பிடித்தார்.

"நிறுத்திடுங்க பாக். எங்காளுங்க மூணு பேர் விழுந்தாச்சு."

"விருந்தினரெல்லாம் வர்றாங்களே. இப்ப நிறுத்தினா, புகையால ஆபத்துன்னு நாமளே ஒத்துக்கிட்டாப்பல ஆயிடும்."

"நாற்சந்திப் பலகையிலதான் ஆபத்துன்னு போட்டிருக்கே!"

"அதைத் துணி போட்டு மூடியாச்சு," என்றார் ஹஸ்புல்லா ஆறுதலாக. "நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உடம்பைப் பாருங்க."

மறுநாள் விடிந்ததும் மஸ்ரிசால் செருப்பைத் தேடினார். எர்னாவதி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அங்க போனீங்கன்னா நானே கொன்னுடுவேன். மாரடைப்புக்கு வேலை வைக்கமாட்டேன்."

"எர்னா, நான் கூப்பிட்டுத்தான் அவங்க வந்தாங்க. நான் சொன்னாத்தான் போவாங்க."

எர்னாவதி உள்ளே போய், மருத்துவமனையில் கொடுத்த கனமான முகமூடிகளில் இரண்டை எடுத்துவந்தார். அஸ்ருலின் வேனில் மூவரும் போனார்கள்.

திடலில் பன்னிரண்டு குழுக்கள். நீலம், பச்சை, மஞ்சள் சட்டைகளெல்லாம் புகையில் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. மஸ்ரிசால் பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று மேடையின் பின்பக்கம் போனார். ஒலிபெருக்கியின் மின்செருகியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பாட்டு பாதியில் நின்றது.

ஹஸ்புல்லா ஓடிவந்தார். "என்ன பாக் இது! எழுந்திருங்க."

"முடியாது. திடீர்னு எழுந்திருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

ஹஸ்புல்லா அவர் கையைப் பிடிக்கப் போனார். எர்னாவதி அசையாமல் சொன்னார்: "தொடுங்க. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, கடைசியா தொட்டது நீங்கதான்னு ஊரே சாட்சி சொல்லும்."

அந்தக் கை அந்தரத்தில் நின்றது.

சிவப்புச் சட்டைக்காரர்கள் கோபமாகக் கூடினார்கள். "நாலாவது கோப்பை பாக்! நீங்களே கெடுக்கறீங்களே!"

மஸ்ரிசால் பேச வாயெடுத்தார், இருமல் வந்தது. ஒலிபெருக்கியை வேறு அவரே அணைத்திருந்தார். அவர் காதில் சொல்லச் சொல்ல அஸ்ருல்தான் உரக்கக் கத்தினான்.

"யுஸ்னிடார் அக்கா நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம்! இவர் கேக்கலயாம்! எல்லாரையும் சிரிக்க வச்சாராம்!" அஸ்ருல் குனிந்து காதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான். "தப்பு தன்மேலதானாம்! இதயம் வேணும்னா வீட்டுக்குப் போங்கன்றார்!"

யாரும் கை தட்டவில்லை. சிவப்பு வரிசையில் ஒரு பெண் தோள்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பிறகு இன்னொருவர். பச்சைச் சட்டைக் குழு மட்டும் பாட்டில்லாமலே வாயால் எண்ணிக்கொண்டு ஆடிப் பார்த்தது. எட்டு வரைக்கும் எண்ணுவதற்குள் எண்ணுகிறவருக்கே மூச்சு வாங்கியது.

அரை மணி நேரத்தில் திடலில் பதாகைகள்தான் மிச்சம். மறுநாள் செய்தித்தாளில், போட்டி அமைதியாக நடந்து முடிந்ததாக ஹஸ்புல்லாவின் அறிக்கை வந்திருந்தது. அதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. சத்தமே இல்லையே.

பரிசு அந்தப் பச்சைச் சட்டைக் குழுவுக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து, குழுவின் நற்பெயரைக் கெடுத்ததற்காக மஸ்ரிசாலைத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கையைத் தூக்கினார்.

நவம்பரில் மழை கொட்டியது. ஒரே வாரத்தில் வானம் நீலமாகிவிட்டது. யுஸ்னிடார் சின்ன அளவில் மறுபடி கேக் சுட ஆரம்பித்தார். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போன மஸ்ரிசால் அஸ்ருலையும் இழுத்துக்கொண்டு போனார். அவனுக்கு ரத்தக்கொதிப்பு நூற்றெண்பது இருந்தது.

"ரெண்டு பேரும் தினமும் அரை மணி நேரம் நடக்கணும்," என்றார் டாக்டர் விதியா. "வெளியில போய் நடங்க. காத்து இப்ப சுத்தமா இருக்கு."

மஸ்ரிசால் தயங்கினார். "அடுத்த ஆகஸ்ட்ல மறுபடியும் கொளுத்துவாங்களே டாக்டர்."

"கொளுத்துவாங்க," என்றார் அவர், மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே. "அதுவரைக்கும் நடங்க."