ஒரு மிஸ்கோல் என்றால் சுகம்

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வேன் கல்முனைக்குடிச் சந்தியில் வந்து நிற்பதற்கு முன்னரே சபூறா மகளுக்குச் சட்டம் போட்டுவிட்டாள்.

"அப்னா, நல்லாக் கேட்டுக்க. நான் அங்க இரிக்கக்குள்ள நீ கோல் எடுத்தா, உனக்கில்ல, எனக்குத்தான் காசு போகும். காதுல வெச்சாலே காசு. ஒரு மிஸ்கோல் தந்தா சுகம். ரெண்டு தந்தா, வை-ஃபை இரிக்கிற இடத்துக்குப் போய் வாட்ஸ்அப் பாப்பன். மூணு தந்தா..."

"மூணு தந்தா?"

"மூணு எண்டா மவுத்து, சாவுச் செய்தி. அப்ப எவ்வளவு போனாலும் எடுப்பன்."

"நீங்க உம்றாவுக்குப் போறீங்களா உம்மா, யுத்தத்துக்குப் போறீங்களா?"

மூலையில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்துல் ஸமட் தலை நிமிராமல் கேட்டார்: "எனக்கு எத்தின மிஸ்கோல் மகள்?"

"உங்களுக்குப் போனே இல்லையே வாப்பா."

அவரிடம் இருந்தது பழைய பொத்தான் போன். மீன் வாடியில் விலை கேட்பதற்கு அது போதும். மக்காவுக்கு அது எதற்கு என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஆகவே புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சபூறாவின் ஒரே போன்தான். மாதக் கடைசியில் பில் வருகிற சிம். அந்தப் பில்லை நினைத்துத்தான் அவளுக்கு அத்தனை பயம். முப்பது வருஷம் அரிசிமா வறுத்துப் பக்கெட் பண்ணி விற்றுச் சேர்த்த காசில் போகிற பயணம் அது. ஒரு சதம் வீணாகப் போனாலும் நெஞ்சில் அடுப்புச் சூடு ஏறும் அவளுக்கு.

மக்காவுக்குப் போகிறவர்கள் போகுமுன் ஊரெல்லாம் பொருத்தம் கேட்பது வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ செய்ததற்கெல்லாம் பொருந்திக்கொள்ளுங்கள் என்று சொந்தக்காரர் வாசலிலும் அயலவர் வாசலிலும் போய் நின்று கேட்க வேண்டும். அடியான் மன்னிக்காத ஒன்றை அல்லாஹ் மன்னிக்க மாட்டான் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதானே. சபூறா மூன்று நாளாக நடந்தாள். நாற்பது வீடு ஏறினாள். நாற்பது வீட்டிலும் தேத்தண்ணீர் குடித்தாள். ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது அவளுடைய வளவுக்குப் பின்னாலேயே இருந்த வீடு. கூடப் பிறந்த ராத்தா, மூத்தவள் ஹுஸ்னியாவின் வீடு.

உம்மா இருந்த காலத்தில் அது ஒரே வளவு. றோட்டுப் பக்கத்து வீட்டைச் சின்னவளுக்குச் சீதனமாக எழுதினார். மூத்தவளுக்குப் பின்பக்கம் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். பின்வீட்டார் முன்வீட்டு முற்றத்தால் போய் வருவார்கள். பதினொரு வருஷத்துக்கு முந்தி ஹுஸ்னியாவுக்கு மண் ஏற்றி வந்த லொறி சபூறாவின் கக்கூஸ் குழி மூடியில் ஏறி, மூடி வெடித்துப்போனது. அதற்கு நாலு வார்த்தை. பதிலுக்கு ஹுஸ்னியா, "இது உம்மாட வளவு, உன்ட இல்ல" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த கிழமையே சபூறா நடுவில் இரும்புக் கேற்றுப் போட்டுப் பூட்டினாள். அதன்பிறகு பின்வீட்டார் கடைக்கும் பள்ளிக்கும் பின்பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையால் சுற்றித்தான் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஹுஸ்னியாவின் புருஷன் மவுத்தானார். ஒழுங்கை வளைகிற இடத்தில் மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டி திரும்பவில்லை. மையத்தோடு சரித்து, மதிலில் உரச உரசத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். சபூறா அப்போது திரைச்சீலைக்குப் பின்னால், கையில் கேற்றுப் பூட்டின் திறப்போடு நின்றாள். யாராவது வந்து கேட்டால் கொடுப்போம் என்று நின்றாள். யாரும் கேட்கவில்லை.

இப்போது பயணம் போகிற நேரத்தில் அப்னா சொல்லிப் பார்த்தாள்: "பெரியம்மாட வாசலுக்கும் ஒருக்காப் போய்ட்டு வாங்களன்."

"போன்ல எல்லாருக்கும் கேட்டு அனுப்பியிரிக்கன். அவக்கும் போயிரிக்கி."

அது பொய்யில்லை. "அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க" என்று ஒரே குரல் பதிவைப் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தாள். ராத்தா என்ற பெயருக்கு நேரே இரண்டு கோடும் நீலமாயின. ராத்தா கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை.

"நான் கேட்டுட்டன். அவதான் சொல்லல்ல" என்று சபூறா நாலு பேரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சரியாகப்பட்டது. கேற்றுத் திறப்பைப் பெட்டித் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்த்து எடுத்துக்கொண்டு வேன் ஏறினாள்.

ஜித்தா விமான நிலையத்தில் எல்லோரும் அந்த நாட்டு சிம் வாங்க வரிசையில் நின்றார்கள். அதற்கு விரல் ரேகை வைக்க வேண்டும். சபூறாவின் விரலைக் கடைக்காரன் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தான். பத்து விரலில் ஒன்றுகூடப் பதியவில்லை. சூட்டுத் தாச்சியில் மா புரட்டிப் புரட்டி ரேகையெல்லாம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. ஸமட்டின் விரலை வைத்தார்கள். கடலில் வலைக்கயிறு இழுத்த விரல், அதுவும் பதியவில்லை.

"நாம ரெண்டு பேரும் களவெடுத்தா ஒருத்தராலயும் புடிக்க ஏலா" என்றார் ஸமட்.

ஆக, ஊர் சிம்தான். அதில் டேட்டா போட்டால் ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்கில் பில் ஏறும். பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருந்த நற்பிட்டிமுனை ஆதிலா அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றினாள். "எங்கட ஊர்ல ஒராள் போன வருசம் வந்துட்டுப் போனாருகா. ரோமிங் போட்டது போட்டபடி கிடந்திரிக்கி. இவர் தூங்கியிரிக்கார், போன் தூங்கல்ல. என்னென்னவோ தன்ட பாட்டுல இறக்கியிரிக்கி. ஊருக்கு வந்தா லெச்சத்துக்கு மேல பில். மனிசிட காப்பக் கழட்டித்தான் கட்டினார்."

சபூறா தன் காப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து டேட்டாவைத் திறக்கவே இல்லை. ஹோட்டலின் கீழ்த்தட்டில் மட்டும் சும்மா கிடைக்கிற வை-ஃபை உண்டு. சுபஹு தொழுதுவிட்டு வந்து, அங்கே பத்து நிமிஷம் செய்தி பார்ப்பாள். மற்ற நேரமெல்லாம் போன் வெறும் மிஸ்கோல் வாங்குகிற பெட்டி. ஒவ்வொரு நாளும் அப்னாவிடமிருந்து ஒரு தடவை மணி அடித்து அறும். சுகம். ஐந்து நாள் அப்படியே போனது.

ஆறாம் நாள் வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு, கஃபா இருக்கிற ஹறம் பள்ளியின் வெளிமுற்றத்தில் நிழல் விழுந்த பக்கமாக இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. சபூறா திரையைப் பார்த்தாள். ராத்தா என்றிருந்தது. ஒரு தடவை அடித்து அறுந்தது.

பதினொரு வருஷமாக அந்தப் பெயரிலிருந்து ஒரு கோலும் வந்ததில்லை.

"யாரு?" என்றார் ஸமட்.

"ராத்தாட நம்பர்."

அவர் போனை எட்டிப் பார்த்தார். "எடுத்துக் கதைச்சிப் பாரன்."

"ஒரு நிமிசத்துக்கு எவ்வளவு தெரியுமா?"

"அப்ப இண்டைக்கு ஒரு நாளைக்கு அந்த டேட்டாவப் போடு. என்னமும் அனுப்பியிரிப்பாங்க."

"ஒரு மிஸ்கோல்தானே. ஒண்டு எண்டா சுகம்."

"அது நீயும் மகளும் பேசிக்கிட்ட கணக்கு. மச்சிக்குத் தெரியுமா அது?"

ராத்தாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது என்பது சபூறாவுக்குத் தெரியும். கதைத்தால் வெளிநாட்டில் இருக்கிறவளுக்குச் செலவாகும் என்று யாரோ பார்த்து அறுத்திருக்கிறார்கள் என்பதும், பின்னால் ஒரு செய்தி வந்து கிடக்கும் என்பதும் தெரியும். இன்னொரு தடவை அடித்தால் எடுக்க வேண்டி வரும். எடுத்தால் என்ன சொல்வது? காசு போகும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பொத்தானை அழுத்திப் போனையே நிறுத்திவிட்டாள்.

"நாளைக்குச் சுபஹுக்குப் பிறகு சும்மாவே பாக்கலாம்" என்றாள்.

ஸமட் எழும்பி ஸம்ஸம் தண்ணீர் எடுத்து வரப் போனார். அவர் அதிகம் கதைக்கிற மனிதரல்ல. பதினொரு வருஷமும் அப்படித்தான் எழும்பி எழும்பிப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஹோட்டல் கீழ்த்தட்டில் போனைத் திறந்தாள். ஊரில் அப்போது ஒன்பது. போன் விடாமல் அதிர்ந்தது. அப்னாவின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாவற்றுக்கும் முதலில், நேற்று மாலை ராத்தாவின் இலக்கத்திலிருந்து வந்த ஒரு குரல் பதிவு கிடந்தது. சபூறா அதை அழுத்திக் காதில் வைத்தாள். ஸமட் குனிந்து தன் காதையும் பக்கத்தில் கொண்டுவந்தார்.

முதலில் மூச்சுத்தான் கேட்டது. பிறகு ராத்தாவின் மகள் அஸ்மியாவின் குரல்: "கதைங்க உம்மா, பதியுது." பிறகு ஹுஸ்னியா.

"தங்கச்சி... நீ பயணம் போக முந்தி வருவா எண்டு முந்தானையப் போட்டுக்கிட்டு வாசல்ல இருந்தன். மூணு நாளும் இருந்தன். வராட்டி என்ன, நான் பொருந்திட்டன். நீயும் என்னப் பொருந்திக்க. அந்தச் சொல்லு நான் சொல்லியிரிக்கப்படா." மூச்சு வாங்கினாள். "எனக்கு நெஞ்சு ஏலாமக் கிடக்கு. எனக்கொண்டு எண்டா, என்ன அந்த ஒழுங்கையால கொண்டு போக வேணாம். உன்ட மச்சானச் சரிச்சிக் கொண்டு போனத நினைச்சா இன்னமும் எனக்கு... உம்மாட வளவு முத்தத்தால போறன். நீ ஓம் எண்டு சொன்னாத்தான். உன்ட பொருத்தம் இல்லாம உன்ட மண்ணுல என்ட சந்தூக்குப் போகப்படா. ஓம் எண்டு ஒரு சொல்லு அனுப்பு புள்ள. காசு போகுமெண்டா கதைக்க வேணாம். ஒரு சொல்லு போதும்."

சபூறா மற்றச் செய்திகளைப் பார்க்காமலே மகளை வாட்ஸ்அப்பில் எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

"மகள், பூட்ட உடைச்சித் திறங்க. ராத்தாக்கு ஒண்டு எண்டா அதால கொண்டு போகச் சொல்லு. நான் ஓம் எண்டன் எண்டு சொல்லு."

அந்தப் பக்கம் கதிரைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"அப்னா."

"எட்டு மணிக்கு அடக்கிட்டாங்க உம்மா."

ஹோட்டல் வாசலில் பெட்டி உருட்டிக்கொண்டு புதிய கூட்டமொன்று தல்பியா ஓதியபடி உள்ளே வந்தது.

"ராவு இஷாக்கு முந்தியே பெரியம்மா மவுத்து. நான் மூணு மிஸ்கோல் இல்ல, முப்பது தந்தன். உங்கட போன் வேலை செய்யல்ல. கூட்டிப் போன ஹாஜியாருட நம்பர் எழுதின துண்டும் உங்கட கைப்பையில. அவர்ட ஒபீசும் பூட்டிக் கிடந்திச்சி."

"பூட்ட உடைக்கப்படாதா மகள்?"

"கடப்பாரையோட போய் நிண்டன். அஸ்மியா ராத்தா விடல்ல. 'சாச்சி ஓம் எண்டு சொல்லாம அதால கொண்டு போகப்படா, எங்கட உம்மா அப்படிச் சொல்லிட்டுத்தான் போனா' எண்டுட்டா. சந்தூக்குத் தூக்குற வரைக்கும் போனக் கையில வெச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நிண்டா. பள்ளிக்காரங்க அவசரப்படுத்தினாங்க."

"ஒழுங்கையாலயா?"

"ஓம் உம்மா."

"வளைவுல?"

அப்னா அழத் தொடங்கினாள். அதுதான் பதில்.

அறைக்கு வந்து ஸமட் பெட்டியைத் திறக்கத் திறப்பைக் கேட்டார். சபூறா வளையத்தை நீட்டினாள். ஆறு நாளும் காலையும் மாலையும் அந்த வளையத்தைக் கையில் எடுத்தவள்தான். பெட்டித் திறப்போடு இன்னொரு திறப்பும் தொங்கிக்கொண்டிருந்தது. ஸமட் அதைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

"நானாவது ஒருக்கா ஏசியிரிக்க வேணும் உனக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மீதி நாளெல்லாம் ஆதிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "இங்க கேட்ட துஆ வீண்போகாதுகா, ராத்தாக்காகக் கேளுங்க" என்றாள். சபூறா கஃபாவைப் பார்த்து நின்றாள். ராத்தாவுக்காகக் கேட்க வாய் வந்தது. தனக்காகக் கேட்க வரவில்லை. பொருத்தம் தந்துவிட்டுப் போனவளிடம் இனி எதைக் கேட்பது?

ஊருக்கு வந்த அன்றே ஸமட் கேற்றைப் பிணைச்சலோடு கழற்றி மதிலில் சாய்த்து வைத்தார். ஸம்ஸமுக்கும் பேரீச்சம்பழத்துக்கும் சனம் வந்து போனது. மாதக் கடைசியில் பில்லும் வந்தது. ரோமிங் என்ற இடத்தில் பூச்சியம். அப்னா அதை உம்மாவுக்குக் காட்டாமல் மடித்து வைத்தாள். சபூறா தானே எடுத்துப் பார்த்தாள்.

துக்கத்துக்கு வந்த சனமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் அஸர் நேரத்தில் அஸ்மியா வந்தாள். பின்பக்கத்திலிருந்து இருபது அடி எடுத்து வைத்தால் முற்றம். அவள் ஒழுங்கையால் இறங்கி, றோட்டுக்கு வந்து, முன்வாசலால் வந்து ஸலாம் சொன்னாள். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் சபூறாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தண்ணீர்ப் போத்தலையும் பழத்தையும் வாங்கிக்கொண்டாள். சாச்சியின் கையைப் பிடித்துக் கொஞ்சினாள்.

"உம்மா பொருந்திட்டுத்தான் போனா சாச்சி. நீங்க அழாதீங்க."

போக எழும்பியவளிடம் சபூறா கழற்றிக் கிடந்த பக்கத்தைக் காட்டினாள். "இதால போ மகள். திறந்துதானே கிடக்கு. நான் ஓம் எண்டுதான் சொல்றன்."

அஸ்மியா அந்த வெளியைப் பார்த்தாள். அதற்கப்பால் அவளுடைய குசினி வாசலும் கொடியில் காய்கிற உம்மாவின் சேலையும் தெரிந்தன.

"இரிக்கட்டும் சாச்சி. உம்மா போன வழியாலயே போறன்."

அவள் முன்வாசலால் இறங்கினாள். மதிலுக்கு வெளியே அவளுடைய செருப்புச் சத்தம் றோட்டுப் பக்கமாகப் போய், ஒழுங்கைக்குள் திரும்பி, வளைகிற இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு நடந்தது. சபூறா முற்றத்தில் நின்று அதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.