மணிச்சட்டத்தில் ஏழு

அவருடைய கடைசி ஒரு மணி நேரத்தின் விலை அறுபது. மருத்துவமனையில் மணிக்கட்டிலிருந்து கத்தரித்துக் கொடுத்த நீச்சல் குளத்துக் காகிதப் பட்டையில் அப்படித்தான் அச்சாகியிருந்தது: ஒரு நபர், ஒரு மணி நேரம், அறுபது, திருப்பித் தரப்படமாட்டாது.

பட்டையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு அவள் நீச்சல் குளத்தின் கதவைத் தள்ளினாள். மாலை நான்கு மணி. அடையாள அட்டை இல்லாமல் உடலைத் தர மாட்டோம் என்று மருத்துவமனை எழுத்தர் சொல்லிவிட்டார். அட்டை கணவரின் பையில், பை இங்கே. கொழுந்தன் போகிறேன் என்றுதான் சொன்னான். அவனைக் காகிதங்களோடு உட்கார்த்திவிட்டு அவளே வந்தது அட்டைக்காக மட்டும் இல்லை.

வாரம் மூன்று நாள் காலையில் பெரியவர்கள் குழுவோடு அவர்கள் இருவரும் இங்கே நீந்துகிறவர்கள். குழுவுக்கு உறுப்பினர் அட்டை உண்டு. பட்டை கட்டிவிடுவது வெளியாட்களுக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன் கடைக்குச் சரக்கு எடுக்கப் போவதாக மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இன்றும் அப்படித்தான். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வாராவாரம் அப்படி என்ன சரக்கு என்று அவள் கேட்டதில்லை. தன்னிடமிருந்து ஒளிந்து இங்கே வர என்ன இருந்தது? அது தெரியாமல் அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது.

பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் கால அட்டவணை போடுகிறவள் அவள். குழுவின் பயிற்சியையும் குளத்துப் பலகையில் அவள்தான் எழுதுவாள். குளத்தை நாற்பது நீளம் நீந்த வேண்டும் என்று எழுதினால் அவர் கரையில் நின்று பேரத்தை ஆரம்பிப்பார். முப்பதுக்கு முடித்துக் கொடு என்பார். அவள் அசைய மாட்டாள். உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று முப்பத்தாறில் படியும். அவள் நாற்பது எழுதுவதே முப்பத்தாறுக்காகத்தான் என்பது அவருக்கும் தெரியும்.

குளத்தை மூடிவிட்டிருந்தார்கள். ஆளே இல்லாத தண்ணீரில் மூன்றாவது தடத்தின் கயிறு மட்டும், யாரோ இப்போதுதான் தாண்டிப் போனதுபோல், அசைந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கீழே சிமெண்டில் ஈரம்.

குளத்தின் காப்பாளர், ஐம்பதை நெருங்கும் பெண், இரண்டு மணிக்கே வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

“தண்ணியில இல்லம்மா. ஏறி வந்து நாற்காலியில உக்காந்தாரு. அப்புறம்தான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நெஞ்ச அமுக்கிக்கிட்டேதான் இருந்தேன்.”

எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவள் சொன்னாள். பையைத் திறந்தாள். மடித்த சட்டை, அதன்மேல் மூக்குக்கண்ணாடி, உள்பையில் அட்டை. கண்ணாடி இல்லாவிட்டால் கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாமே புகைதான்.

“இங்க வந்து என்ன பண்ணுவாரு?”

காப்பாளர் யோசித்தாள். “ஒண்ணும் பண்ண மாட்டாரும்மா.”

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். துணிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் காலை நனைத்துப் பார்ப்பார். இறங்குகிறவரை என்ன நீந்தப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் நாய் துரத்துகிற மாதிரி இரண்டே நீளம், பிறகு மல்லாந்து மிதப்பது. இன்னொரு நாள், முழுக்க முங்கித் தரையைத் தொட்டுத் தொட்டு வருவது. இடது தோள் தூக்க முடியாமல் இருந்தபோது ஒற்றைக் கையால், ஓரமாக, ஆமைபோல் போய்க்கொண்டே இருந்தார். அந்தக் கை எப்படித் திரும்பினால் வலிக்கவில்லை என்பதை யாரும் கேட்காத அந்த ஒரு மணி நேரத்தில்தான் கண்டுபிடித்தார்.

தோள் குணமானது தன் பயிற்சியால் என்று அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்லலையாம்?”

“நானும் கேட்டேன்மா.” காப்பாளர் தரையைப் பார்த்தாள். “‘சொன்னா பலகையில எழுதிடுவா’ன்னாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உண்மைதான், எழுதியிருப்பாள். செவ்வாய், தனியாக, திட்டம் இல்லை என்று கோடு போட்டு.

சுவரோரம் மணிச்சட்டம் தொங்கியது. இருபது கம்பிகள், கம்பிக்கு ஒரு மரமணி. குழுவில் ஒவ்வொருவரும் தன் முறையில் ஒரு தடவை போய்வந்ததும் ஒன்றை வலப்பக்கம் தள்ள வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் இடப்பக்கம் திருப்புவது அவள் வேலை. நேற்றும் திருப்பியிருந்தாள். இப்போது வலப்பக்கம் ஏழு நின்றன.

“அவருதான்” என்றாள் காப்பாளர். “நீந்தின கணக்கு இல்லம்மா அது. மனசுக்கு ஏதாவது புடிச்சிருந்தா, அதைச் சொல்லிக்கிட்டே ஒண்ணு தள்ளுவாரு, போறப்ப எல்லாத்தையும் திருப்பி வெச்சிடுவாரு. இன்னிக்கு, தண்ணி வெதுவெதுன்னு இருந்ததுக்கு ஒண்ணு. மொத்தக் குளமும் அவருக்கேன்னு இருந்ததுக்கு ஒண்ணு, அது வாராவாரம் உண்டு. மூச்சடக்கி பாதி தூரம் போனதுக்கு. மேல கூரைத் தகட்டுல வெயில் ஆடினதுக்கு. கை வலிக்காம வந்ததுக்கு. அப்புறம் ஒண்ணு, சும்மா.”

“ஆறாச்சு.”

“ஏழாவது எதுக்குன்னு தெரியலம்மா. போன் அடிச்சுது, திரும்பிட்டேன். டொக்குன்னு மணி தள்ளுற சத்தம் மட்டும் கேட்டுது. பாத்தா நாற்காலியில உக்காந்திருக்காரு. கண்ணாடிகூட இல்லாம தண்ணியில எதையோ உத்துப் பாத்துக்கிட்டு.”

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவருடைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். குளம் கலங்கி, ஓரம் எல்லாம் கரைந்து, தடத்துக் கயிறு யாரோ ஒருவரின் முதுகுபோல் மெல்ல எழும்பித் தாழ்ந்தது. அவர் பார்த்தது அந்தத் திசையில்தான் இருக்க வேண்டும். வெகுநேரம் பார்த்தாள்.

கைபேசி அடித்தது. கொழுந்தன்.

“அண்ணி, கார்டு கெடச்சுதா? ஆறு மணிக்கு கவுண்ட்டர மூடிடுவாங்களாம்.”

வருவதாகச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். போகிற வழியில் மணிச்சட்டத்தின் முன் நின்றாள். கை தானாகவே வேலையை ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. காய்ந்த மணிகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் போய்ச் சேர்ந்தன. ஆறாவதும் போயிற்று.

ஏழாவதைத் தொட்டாள். அது ஈரமாக இருந்தது.

விரலை எடுத்துக்கொண்டாள். ஆறு திரும்பியாயிற்று. ஒன்று நிலுவை.