சொன்ன பேச்சு கேளாத விரல்

சனிக்கிழமை விடிந்தால் வில் வேட்டைக் காலம் தொடங்குகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்குக் கோடியில், அந்த மலைச்சரிவுகளில் வாழ்கிற ஆண் பெண் எல்லோரும் அந்த ஒரு விடியலுக்காகத்தான் வருஷம் பூராவும் காத்திருப்பார்கள். ஆர்லின் மட்டும் அது வராமலே போய்விடக் கூடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தான்.

எல்லாம் அவனுடைய வலது கை ஆள்காட்டி விரலால் வந்த வினை. வில்லை இழுத்து, கையைத் தாடையோடு அழுத்திப் பிடித்து, வில்லில் குறிபார்க்கப் பொருத்திய பச்சைப் புள்ளியை மானின் நெஞ்சை நோக்கி நகர்த்துவான். புள்ளி போய்ச் சேருவதற்குள், நாணைப் பிடித்திருக்கும் விசையை விரல் தட்டி அம்பை விட்டுவிடும். அவன் தட்டுவதில்லை, அதுவாகத் தட்டும். வேண்டாம், பொறு என்று உள்ளுக்குள் கத்துவான். கேட்காது.

இந்த வியாதிக்கு ஒரு பெயர் உண்டு. வில் பிடிக்கிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் ஒட்டிக்கொள்ளுமாம். "அவனுக்கு அது வந்துருச்சு" என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. நல்ல கூத்துதான். கரடியை எதிரில் பார்த்தாலும் அசையாத ஆட்கள் ஒரு வார்த்தைக்குப் பயந்து சாகிறார்கள். ஆர்லினும் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவி லவோனிடம்கூட.

போன வருஷம் ஒரு பெண்மான் மாட்டியது. நெஞ்சில் பாய வேண்டிய அம்பு வயிற்றில் பாய்ந்தது. மறுநாள் மதியம்வரை ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து முட்புதருக்குள் அலைந்தான், கிடைக்கவில்லை. அது எங்கே படுத்து, எவ்வளவு நேரம் துடித்துச் செத்ததோ என்று நினைத்தால் இப்போதும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கேட்டவர்களிடம், வழியில் ஒரு குச்சி அம்பைத் தட்டிவிட்டது என்று பூசி மெழுகிவிட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் லவோனின் தம்பி ஜெரிட், பாலாடைக்கட்டி ஆலையில் வேலை முடிந்து நேராக வந்து இறங்கினான். கொட்டகைக்குப் பின்னால் சோயா வயல் ஓரத்தில், எய்து பழகுவதற்கான ரப்பர் மான் நின்றது. அதற்குப் பின்னால், தப்பும் அம்பைத் தாங்க நெஞ்சுயரத்துக்கு வைக்கோல் உருளைகள் இருந்தன.

"என்ன மச்சான், ரப்பர் மானையே முறைச்சுக்கிட்டு நிக்கிற? கண்ணடிக்குதா?"

"தோள் வலிடா மாப்ள. நீ எய்யி."

"வயசாச்சுன்னு சொல்லேன். எங்கப்பா அன்னிக்கே சொன்னாரு, இந்த ஆளு சீக்கிரம் தேஞ்சு போயிருவான்னு. எங்கக்காதான் கேக்கல."

ஜெரிட் எய்த அத்தனை அம்பும் மானின் நெஞ்சில் ஒரு கைப்பிடிக்குள் போய் நின்றன. ஆர்லினுக்குப் பொறாமையாக இருந்தது. அவன் வயதில் தானும் இப்படித்தான் எய்தோம் என்று நினைத்துக்கொண்டே அம்புகளைப் பிடுங்கிக் கொடுத்தான்.

"உன் அம்புல ஒன்னக் காணமே" என்றான் ஜெரிட். "ஆரஞ்சு இறகு வெச்சது."

"ஒடஞ்சு போச்சு."

"ஒடஞ்சுதா, தொலஞ்சுதா?" என்று சிரித்துக்கொண்டே வில்லை வண்டியில் வைத்துப் பூட்டினான். "கரியப் பத்த வெச்சு பிராட் சாஸேஜ் சுடுறேன். வந்து சேரு."

உண்மையில் அந்த அம்பு காலையில் வைக்கோலுக்கு மேலே பறந்து சோயாவுக்குள் விழுந்திருந்தது. ஜெரிட் வீட்டுப் பக்கம் போய் மறைந்ததும் ஆர்லின் வில்லை எடுத்தான். இன்று எய்யப் போவதில்லை. புள்ளியை நெஞ்சில் வைத்து, மூச்சு விட்டு, எய்யாமலே நாணைத் திருப்பி இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை அது முடிந்துவிட்டால் சனிக்கிழமை காட்டுக்குப் போய்விடலாம்.

வைக்கோலுக்குப் பின்னால் அம்பு தேடப் போகிறவர் தன் வில்லை மான்மேல் சாய்த்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். பார்த்ததும் ஆள் இருப்பது தெரிந்துவிடும். பழக்கதோஷத்தில் ஆர்லின் பார்த்தான். மான்மேல் எதுவும் இல்லை. அம்பைப் பூட்டி வில்லை இழுத்தான்.

புள்ளி மானின் காலிலிருந்து மெல்ல மேலே ஏறியது. விரல் துடித்தது, ஆனால் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியது. அப்போதும் தட்டவில்லை. ஆர்லினுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வைக்கோல் உருளைக்கு மேலே ஜெரிட்டின் தலை எழுந்தது. கரி கனியட்டும் என்று விட்டுவிட்டு, கொட்டகையைச் சுற்றி வயல் வழியாகக் குனிந்து அம்பைத் தேடி வந்திருக்கிறான். கையில் ஆரஞ்சு இறகு அம்பு. பொய்யைக் கண்டுபிடித்துவிட்ட குஷியில் முகமெல்லாம் பல்.

ஆர்லின் அவனைப் பார்த்துவிட்டான். கத்தலாம் என்றால், கை தாடையில் அழுந்தியிருக்கிறது. வாயைத் திறந்தால் கை அசையும், கை அசைந்தால் விரல் தட்டும். வில்லை வேறு பக்கம் திருப்பலாம் என்றால் கை மரத்துப் போயிருந்தது. இறக்கு, மெதுவாக இறக்கு என்று தனக்குத் தானே கெஞ்சினான். அவன் கண் ஜெரிட்டின் முகத்தை விட்டு நகரவில்லை. பச்சைப் புள்ளியும் கண் போன இடத்துக்கே, மானை விட்டு, வைக்கோலைத் தாண்டி, மேலே போனது. வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

விரல் தட்டியது.

ஜெரிட்டின் தொப்பி பறந்தது. தலை வைக்கோலுக்குக் கீழே மறைந்தது. ஆர்லின் வில்லைப் போட்டுவிட்டு ஓடினான். வைக்கோலைச் சுற்றிப் பின்பக்கம் போனான்.

ஜெரிட் வயலில் உட்கார்ந்திருந்தான். உச்சந்தலையைத் தடவிக் கையைப் பார்த்தான். ரத்தம் இல்லை. மறுபடி தடவினான், மறுபடி பார்த்தான். பிறகு சிரிக்க முயற்சி செய்தான், முடியவில்லை.

"நான் நின்னது உனக்குத் தெரியலதான மச்சான்? எம் மேலயும் தப்புதான், வில்லச் சாய்க்காம வந்துட்டேன். தெரியாமத்தான விட்ட?"

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். ஜெரிட்டே பாதிப் பழியை ஏற்றுக்கொண்டு நிற்கிறான். இருவரும் போய் பிராட் தின்னலாம். சனிக்கிழமை ஒன்றாகக் காட்டுக்குப் போகலாம். ஆர்லினுக்கு அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. அடுத்த தடவை தொப்பியோடு போகாது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பாத்தேன் மாப்ள" என்றான். "ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டே… அப்பறம் ஏன்யா விட்ட?"

"நான் விடல. நிறுத்து நிறுத்துன்னேன். கை கேக்கல."

ஜெரிட் ஆர்லினின் கையைப் பார்த்தான். தூக்கிவிடலாம் என்று ஆர்லின் அந்தக் கையையே நீட்டினான். ஜெரிட் அதைத் தொடாமல், சோயாச் செடிகளைப் பிடித்துத் தானாக எழுந்தான்.

"அங்கயே நில்லு" என்றான்.

ஆர்லின் நின்றான். வில் எங்கோ தூரத்தில் தரையில் கிடந்தது, அவன் கையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ஜெரிட் வயல் முழுக்க, கொட்டகை மறைக்கும்வரை, அவனுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனான்.