பன்னிரண்டாயிரம் படுக்கைகள்

ஒவ்வொரு திங்கட்கிழமையும் தோள்பையை இறக்கி வைத்த கையோடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு வரியை ஓட்டிப் பார்ப்பேன். அண்ணன் இருக்கிறானா என்று கேட்கிற வரி. மூன்று வருடமாக அது இல்லை என்றே சொல்லி வந்தது.

வேலைக்காக ஊர்விட்டு வந்தவர்கள் தங்கும் விடுதிகளுக்கு புரோகிராம் எழுதுவது எங்கள் பிழைப்பு. நாற்பது விடுதி, பன்னிரண்டாயிரம் படுக்கை. எந்தப் படுக்கையில் யார் என்பதை மேப் என்கிற ஒரு கம்ப்யூட்டர் பட்டியலில் வைத்திருப்போம். படுக்கை எண் கீ, படுப்பவரின் முழுப்பெயர் வேல்யூ. எண்ணைக் கொடுத்தால் பெயர் வரும். அண்ணன் வெல்டர், எங்கே போனாலும் இப்படி ஒரு கட்டிலில்தான் படுப்பான் என்பது என் நம்பிக்கை. சொந்தக்காரரை அதில் தேடுவது விதிப்படி தப்பு. தெரிந்துதான் தேடினேன்.

அவன் போனதற்குக் காரணம் என் வாய்க்கொழுப்பு. வேலையில்லாமல் அவன் வீட்டில் கிடந்த நாட்களில், புதிதாக வேலை கிடைத்த மிதப்பில், "நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்று கேட்டுவிட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ஞாயிறுதோறும் அம்மா போனில் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "வேற ஏதாச்சும் தெரிஞ்சுதா" என்பாள். அவன் பெயரைச் சொல்ல மாட்டாள். அவன் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள் நான். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

போன வாரம் என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். விடுதிப் பதிவுகளைத் திறக்க அன்றுதான் கடைசி நாள். இனி நீ ஓட்டிப் பார்த்துச் சொல் என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் கெஞ்சினேன். நாங்கள் எழுதுவதில் பிழை பிடிப்பது அவள் வேலை. வேலை முடிந்த பிறகும் அதை நிறுத்தமாட்டாள் என்பதால் நொட்டை என்று பெயர் வைத்திருந்தோம்.

அவள் அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஏன்டி, இது கீயில இருக்கான்னு கேக்குது. கீ எல்லாம் படுக்கை நம்பர். உங்க அண்ணன் பேர்ல எவன் கட்டில் செஞ்சு வெச்சிருக்கான்?"

"தப்பா இருந்தா எரர் வந்திருக்குமே."

"வராது. அதுகிட்ட என்னத்தக் கேட்டாலும் மரியாதையா இல்லைன்னு சொல்லும். நீ வேல்யூல தேடியிருக்கணும்."

கீ என்றால் நொடியில் பதில் வந்துவிடும். வேல்யூ என்றால் ஒவ்வொரு படுக்கையாகப் போர்வையை விலக்கி முகம் பார்த்தாக வேண்டும். அவள் ஒரு சொல்லை மாற்றி ஓட்டினாள்.

இருக்கிறான் என்று வந்தது.

"எந்தப் படுக்கை?"

"அதை இது சொல்லாது. இருக்காரு, அவ்வளவுதான்."

எண்ணைப் பிடிக்க அவளே இன்னும் நாலு வரி எழுதினாள். படுக்கை இருநூற்றுப் பதினேழு. எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கிற விடுதி. சேர்ந்து இரண்டரை வருடம். நூறு திங்கட்கிழமைக்கு மேல், அவன் அங்கே இருக்க, நான் இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு காபி குடிக்க எழுந்து போயிருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள். நொட்டை முதல்முறையாக எதற்கும் குறை சொல்லாமல் போனை என் பக்கம் நகர்த்தினாள்.

விடுதியில் எடுத்தவர், "இன்னைக்கு அவருக்கு லீவு, ரூம்லதான் இருப்பாரு, லைன்ல இருங்க" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டுகிற சத்தம். பிறகு யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. மன்னிப்புக் கேட்க வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன்மா" என்றான். "நீதான் கேக்கவே இல்ல."