மழைக்காட்டு லேபிள்

ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். செல்லக்கனி விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே வந்து கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மகள் ஸ்ரீமதி படித்து ஆளாகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பட்டாசு ஆலையின் மருந்து அறைத் தீயில் வெந்த புருஷன் பாயோடு கிடந்தான். அவனை விட்டுவிட்டு வெளிவேலைக்குப் போக முடியாது. பட்டாசுப் பெட்டிகளை வீட்டுக்கு வாங்கி வந்து லேபிள் ஒட்டித்தான் மூன்று வயிறும் நனைந்தது.

பெனாசிர் டீச்சர் சுவர் முழுக்க மழைக்காட்டு விலங்குகளின் படங்களை ஒட்டியிருந்தாள். மழையே எட்டிப் பார்க்க யோசிக்கிற ஊரில் மழைக்காடு. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கத்தரிக்காய் பருமனுக்கு மூக்கு வைத்த பறவை, விஷத்தவளை, புள்ளிச் சிறுத்தை.

அதிகாரி, கிளையைப் பற்றியிருந்த ஒரு மிருகத்தின் படத்தின் முன்னால் நின்றார். "என்ன டீச்சர், இது ஒண்ணு மட்டும் தலைகீழா இருக்கு?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீமதி எழுந்துவிட்டாள். "இல்ல சார், சரியாத்தான் இருக்கு. அது கிளையில அப்படித்தான் தொங்கும். எங்க வீட்டுப் பட்டாசு லேபிள்லயும் இதே படந்தான். நாங்க நேரா நிக்க வச்சு ஒட்டி, ஒரு லோடு பூராம் திரும்பி வந்திருச்சு. எழுத்து கீழ வரணும்னு நான் சொன்னேன். அம்மாதான் கேக்கல."

வகுப்பே சிரித்தது. செல்லக்கனிக்கும் சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் நின்றும் போனது. வாசிக்கத் தெரியாத அவளுக்கு, தலை கீழே தொங்குகிற மிருகம் அச்சுப் பிழையாகத்தான் பட்டது. அதற்கு, பெட்டி கொடுக்கிற ஏஜென்ட் சங்கிலிமுத்து ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருந்தது.

"நீயுமா ஒட்டுவே?" என்றார் அதிகாரி, மிட்டாய் கொடுக்கிற குரலில்.

"ஸ்கூல் விட்டுப் போய் ஒட்டுவேன் சார்."

"எந்தக் கம்பெனி பாப்பா?"

லேபிளில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஸ்ரீமதி ஒவ்வொன்றாகச் சொல்லி, கூட்டி வாசித்தும் காட்டினாள். அதிகாரி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பெனாசிர் டீச்சர் மட்டும் தட்டவில்லை; கடைசி பெஞ்சைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற வயிறு குளிர வேண்டிய நேரத்தில் செல்லக்கனி பசை படிந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்தாள்.

மறுநாளே சங்கிலிமுத்து வந்து, ஒட்டாமல் கிடந்த பெட்டிகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"நேத்து வந்த அதிகாரி கம்பெனிக்கே போயிக் கேட்டாராம். பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இனிமே வேலை குடுக்கக் கூடாதுன்னு கம்பெனியில சொல்லிட்டாக. நாலு எழுத்துப் படிச்சதுக வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்குதுக."

"பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னுதானே சட்டம்?"

"ஆமா. அதுக்குத்தான் சொல்லுதேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பிள்ளைகிட்ட எந்த அதிகாரி தாயி வந்து கேக்கப் போறாரு?"

நல்லா இருக்கிறது நியாயம் என்று செல்லக்கனி மனதுக்குள் காறித் துப்பினாள். துப்பி என்ன செய்ய? உள்ளே புருஷன் தண்ணீர் கேட்டு முனகினான். கொடுத்துவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"இறக்கி வைங்க அண்ணாச்சி. அவ இனிமே போக மாட்டா."

சங்கிலிமுத்து இறக்கி வைத்துவிட்டுப் போனார். பையை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்த ஸ்ரீமதி அழவில்லை. மெதுவாக வந்து அம்மாவின் சேலையைப் பிடித்தாள்.

"இனிமே யாரு என்ன கேட்டாலும் எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிருதேம்மா. தெரிஞ்சாலும் தெரியாதுன்னே சொல்லுதேன். ஸ்கூலுக்குப் போகட்டுமா?"