வாயால் போன வேலை

பொய் சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் சொல்கிற பொய் தேவைக்கு மேல் பெரிதாகப் போய்விடும். லேப் தங்கச்சிக்கு நேர்ந்தது அதுதான்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஆறரை மணியிலிருந்து ஊரார் கையில் ஊசி குத்துவது அவள் உத்தியோகம். லேப் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தவர் தெருமுனை மளிகைக் கடைக்காரர். அவருக்குத் தெரு வைத்த பெயர் இதோ அண்ணன். எதைக் கேட்டாலும் முதலில் "இதோ" என்பார். அந்தச் சாமான் கடையில் இருக்கிறதா இல்லையா என்பது அப்புறம்தான் தெரியும். ஒன்பது வருடம் மாதச் சாமான் முழுக்க அவரிடம்தான் வாங்கினாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே சூப்பர் மார்க்கெட் திறக்கிற வரைக்கும்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அங்கே எண்ணெய் மலிவு, பருப்பில் கல் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. இதோ அண்ணன் கடையில் பேன் மருந்து கேட்டால், "பாப்பாவுக்கா, உனக்கா?" என்று நாலு பேர் நடுவில் விசாரணை நடக்கும். அக்கறைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அக்கறைக்கும் ஒரு அளவு வேண்டாமா! குளுகுளு ஏசியில் டிராலியைத் தள்ளிக்கொண்டு, எடுத்ததைத் திருப்பி வைத்து, வைத்ததைத் திருப்பி எடுத்து, ஒரு பயல் ஏனென்று கேட்காமல் உலவுகிற சுகத்தை ஒரு தடவை கண்டவள் விடுவாளா?

சிக்கல் வீடு திரும்புவதில்தான் இருந்தது. கொட்டை எழுத்தில் கடைப் பெயர் போட்ட பைகளோடு தெருமுனையைத் தாண்ட முடியுமா? ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளும் புருஷனும் பாப்பாவும் பின்சந்து வழியாக, சாக்கடையை ஒட்டி, திருட்டுப் பூனைகள் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார்கள். முகத்தைக் காட்ட வேண்டுமே என்று வாரம் இரண்டு தடவை முனைக் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி, ஒரு பாக்கெட் உப்பு என்று வாங்கி வருவாள். வீட்டில் தீப்பெட்டி மட்டும் இருபது சேர்ந்துவிட்டது.

மூன்றாவது மாதம் இதோ அண்ணன் கேட்டே விட்டார்.

"என்ன தங்கச்சி, மாசச் சாமான் எடுக்க வர்றதே இல்ல? என்மேல ஏதாவது வருத்தமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பாள். வருத்தமா என்று அவர் கேட்டதில்தான் கவிழ்ந்தாள்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. அவருக்கு... அவருக்கு வேலை போயிடுச்சு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இதோ அண்ணன் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அட கடவுளே!" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் ஒன்றும் கேட்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

வீட்டில் இதைச் சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வேலையோட விட்டியே தாயே! ஆளே போயிட்டான்னு சொல்லியிருந்தா நான் எப்படி வெளிய தலை காட்டறது?"

சிரித்தானே தவிர, மறுநாளிலிருந்து பாடு அவனுக்குத்தான். கம்பெனிப் பெயர் போட்ட சட்டைக்கு மேலே பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு பின்சந்து வழியாக வேலைக்கு ஓடினான். எட்டு வயதுப் பாப்பாவிடம், அப்பா வேலையைப் பற்றி முனைக் கடையில் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். நல்ல பெற்றோர்!

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவளுக்கு முட்டையே கிடைத்தது. தீப்பெட்டி வாங்கப் போன இடத்தில் இதோ அண்ணன் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"கொண்டு வரும்போது விரிசல் விட்டுடுச்சும்மா. இதை யாரு வாங்குவா? பாப்பாவுக்கு அவிச்சுக் குடு."

வீட்டில் பிரித்துப் பார்த்தாள். ஆறு முட்டை. விளக்கடியில் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூட விரிசல் இல்லை. மனுஷன் அவள் மனம் நோகக்கூடாது என்று அவளுக்காக ஒரு பொய்யை யோசித்துத் தயார் பண்ணியிருக்கிறார். சூப்பர் மார்க்கெட் முட்டை ஒரு டஜன் ஃபிரிட்ஜில் இருக்க, அந்த ஆறையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா?

அடுத்த வாரம் பிஸ்கட், "தேதி முடியப் போகுது" என்று. தேதி முடிய நாலு மாதம் இருந்தது. அதற்கடுத்த வாரம், கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு அட்டைத் துண்டைக் கையில் கொடுத்தார். அதில் ஒரு ஃபோன் நம்பர்.

"எங்க சித்தப்பா மகன் மருந்து குடோன்ல சூப்பர்வைசர். ஸ்டோர் கீப்பர் வேலை ஒண்ணு காலியா இருக்கு. உக்காந்த இடத்து வேலை, மாசம் பொறந்தா சம்பளம். நான் சொல்லி வெச்சிருக்கேன், மாப்பிள்ளைய நாளைக்கே போய்ப் பாக்கச் சொல்லு."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தாள். "சொல்றேண்ணே" என்றாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் புருஷன். "வேற இடத்துல வேலை கெடச்சிடுச்சுன்னு சொல்லிடு. கதை முடிஞ்சுது."

"வேலை கெடச்சிடுச்சுன்னா மறுபடி மாசச் சாமான் அங்க எடுக்கணுமே!"

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மலிவு எண்ணெய்க்கும் ஏசிக் காற்றுக்கும் ஆசைப்பட்டு ஒரு நல்ல மனுஷனை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பத்து நாளைக் கடத்தினாள். அவருக்குக் காய்ச்சல் என்றாள். ஊரிலிருந்து அக்கா வந்திருக்கிறாள் என்றாள். நாளைக்குக் கட்டாயம் போவார் என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர், "இதோ, நான் ஃபோன் பண்ணி ரெண்டு நாள் பொறுக்கச் சொல்றேன்" என்றார்.

பதினோராம் நாள் சாயங்காலம் ரொட்டி வாங்கப் போனாள். இதோ அண்ணன் இல்லை. கல்லாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அண்ணி எப்போதும் பேச்சில் காரம்தான், ஆனால் அன்றைக்கு முகமே சரியில்லை.

"உன் வீட்டுக்காரர் அந்த வேலைக்குப் போறாரா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லும்மா. போகலைன்னா இவரையாவது போகச் சொல்லுவேன்."

"அண்ணனையா?"

"பின்ன யாரை? இவருக்காக வந்த வேலைதானே அது! சித்தப்பா மகன் கையில கால்ல விழுந்து நான் கேட்டு வாங்கினது. கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம், உனக்குத் தெரியாததா? இந்த மாசத்தோட கடைய மூடிட்டு அங்க போயிடறதாத்தான் பேச்சு. உன் கதையைக் கேட்டதும் மனுஷன் மனசு மாறிட்டாரு. 'அவங்களுக்குச் சின்னப் புள்ள இருக்கு, நமக்காவது கடைன்னு ஒண்ணு இருக்கு'ன்னு தூக்கிக் குடுத்துட்டாரு."

லேப் தங்கச்சி கையிலிருந்த ரொட்டியை மெதுவாகக் கல்லாமேல் வைத்தாள். எத்தனையோ பேர் அவள் எதிரே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கிறார்கள். அப்படி ஒரு மயக்கம் தனக்கும் வரக்கூடாதா என்றிருந்தது. வரவில்லை.

ஓடிவிடலாம். ஃபோனில் சொல்லிவிடலாம். புருஷனை அனுப்பலாம். எல்லாம் தோன்றியது. ஆனால் அங்கேயே நின்றாள். கால் மணி நேரத்தில் இதோ அண்ணன் சைக்கிளில் வெங்காய மூட்டையோடு வந்து இறங்கினார்.

"வா தங்கச்சி! மாப்பிள்ளை போயிட்டு வந்தாரா?"

"அவருக்கு வேலை போகலண்ணே."

"என்னம்மா?"

"வேலை போகவே இல்ல. நான் பொய் சொன்னேன். தினம் பின்சந்து வழியா வேலைக்குப் போயிட்டுதான் இருக்காரு."

சொல்லி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள், அறை விழுந்தாலும் விழட்டும் என்று. விழவில்லை. கண்ணைத் திறந்தால், அந்த மனுஷன் முகம் மலர்ந்திருந்தது.

"அப்பாடா! வேலை இருக்கா? நல்லதாப் போச்சு போ! நான் பயந்தே போயிட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் அழுதுவிட்டாள். மூட்டையை இறக்கி வைத்த பிறகுதான் அவருக்கு அடுத்த கேள்வி தோன்றியது.

"அப்போ மாசச் சாமான்?"

"பெரிய கடையிலண்ணே."

"இதைச் சொல்றதுக்கு என்னடி?" என்று எழுந்தாள் அண்ணி. "அங்கதான் வாங்கறேன்னு சொல்லியிருந்தா உன் தலையையா வாங்கியிருப்போம்? நாங்க என்ன உன்னைக் கட்டியா போட்டோம்? முட்டையெல்லாம் வேற வாங்கித் தின்னியே!"

"சும்மா இரு" என்றார் அவர். பிறகு அவளைப் பார்க்காமல், வெங்காய மூட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தெருவுல பாதிப் பேரு அங்கதான் போறாங்க. எனக்குத் தெரியாதா? பையைப் பாத்தாத் தெரியாதா? யாரையும் நான் ஒண்ணும் கேட்டதில்ல. நீ ஒருத்திதான் கஷ்டத்தால வரலைன்னு நெனச்சேன். இவகிட்டகூடச் சொன்னேன், லேப் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லன்னு."

மன்னிச்சிடுங்க என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொல்லக்கூட யோக்கியதை வேண்டுமே.

"அண்ணே, இப்பவே உங்க தம்பிக்கு ஃபோன் போடுங்க. நீங்களே வர்றதாச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் போட்டார். அவளும் அண்ணியும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரிப்பா... ஆமா, பத்து நாளாச்சு... உன்மேல தப்பில்லப்பா... சரி, சரி" என்று வைத்துவிட்டார். நேற்று மத்தியானம் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அண்ணி உள்ளே போய்விட்டாள். திட்டிக்கொண்டே போயிருந்தால் நன்றாயிருக்கும்.

லேப் தங்கச்சி நின்றுகொண்டே இருந்தாள். ஒரு ஆள் வந்து சோப்பு வாங்கிக்கொண்டு போனார். இதோ அண்ணன் கல்லாவை மூடினார், திறந்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பிக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். குரலில் குத்தல் எதுவும் இல்லை; தெரிந்தவளிடம் விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, நீ அந்தக் கடைக்கு அடிக்கடி போறவ. அங்க அம்பத்தாறு வயசு ஆளையெல்லாம் வேலைக்கு எடுப்பாங்களா?"

அவளுக்குத் தெரியும். பில் போடுகிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுடைய சாமான்களைப் பையில் அடுக்கிக் கொடுப்பவருக்கு இவர் வயதுதான் இருக்கும். ஒரு நாளும் அவர் முகத்தை அவள் சரியாகப் பார்த்ததில்லை.

"எடுப்பாங்கண்ணே. சாமானைப் பையில போட்டுத் தர்ற வேலை."

"உக்காந்தா?"

"இல்லண்ணே. நின்னுக்கிட்டுதான்."

"நாள் முழுக்கவா?"

"ஆமாண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொன்னாள். எந்த வாசல் என்று கேட்டார். பால் வைத்திருக்கிற பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அங்கேதான் ஃபாரம் தருவார்கள் என்றாள். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து அதை ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில போனா இருப்பாங்கல்ல?" என்றார்.

"இருப்பாங்கண்ணே" என்றாள்.