உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு

1

பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்டதில் கிடைத்த கதை இது. ஒட்டுக்கேட்பவர்களைத் திட்டித்தான் எழுதப்போகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். அதற்கு மேல் என்னிடம் நாகரிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் எழுதிய தொடக்கம்: தூத்துக்குடித் துறைமுகத்தின் மேல் செவ்வானம் விரிந்தபோது, கடலில் மூழ்கி முத்தெடுப்பவனைப் போல ஒரு விளம்பர நிறுவனம் நம் மனதின் ஆழத்தில்—

வேண்டாம். முத்துக்குளிப்பவன் தன் மூச்சைப் பணயம் வைத்தான். இவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தவிர, சண்டை நடந்தது கடலில் அல்ல, சோபாவில்.

2

ஜாய்சனுக்குத் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை. மனைவி ஷெர்லி நாசரேத்துக்காரி. ஜாய்சனின் அம்மா ஞானதீபம் பள்ளி ஆசிரியை; கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மூன்று பேர், மூன்று கைப்பேசி, ஒரே வைஃபை.*

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, கணவனின் கைப்பேசியில் சபைக்காரர்களின் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த ஷெர்லியின் விரல் ஒரு விளம்பரத்தில் நின்றது.

"மறுமணமா? தயக்கம் வேண்டாம். தூத்துக்குடி கிறிஸ்தவ வரன்கள். உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு."

(* ஒரு வீட்டில் ஒருவர் எதையாவது தேடினால், விளம்பர நிறுவனத்தார் அதே வீட்டில் இன்னொருவருக்கும் அதன் விளம்பரத்தைக் காட்டிப் பார்ப்பார்கள். யார் தேடினார் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. கூரை தெரிந்தால் போதும்.)

3

தேடியது ஞானதீபம்.

முதல் வரைவில் அவர் கைதவறி அழுத்திவிட்டதாக எழுதியிருந்தேன். கோழைத்தனம். ஐம்பது வயதைத் தாண்டிய விதவைக்கு ஒரு துணை வேண்டுமென்று தோன்றினால் நான் ஏன் விரலின் மேல் பழி போடுகிறேன்? திருத்தம்: தெரிந்தேதான் தேடினார். ஒருவருடைய படத்தைப் பெரிதாக்கியும் பார்த்தார். மீசை பிடித்திருந்தது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட.

4

"இது என்னது?"

"விளம்பரம்ளா."

"எனக்குச் சேலை விளம்பரம் வருது. ஒங்களுக்கு மறுமணமோ?"

"அது சும்மா எல்லாருக்கும் வரும்."

"சர்ச் ஐயருக்கும் வருமா? போன் போட்டுக் கேக்கட்டா?"

ஜாய்சன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது. ஷெர்லி உள்ளே போய்ப் பையில் துணிகளைத் திணித்தாள். ஆட்டோவுக்குச் சொன்னாள். திரும்பி வந்து பைபிளை மேசையில் வைத்தாள்.

"கைய வச்சுச் சொல்லுங்க. போன்ல எனக்குத் தெரியாம ஒண்ணும் தேடலன்னு."

அவன் கையைக் கொண்டுபோனான். பாதியில் நிறுத்தினான்.

"மறுமணம் தேடலன்னு சத்தியம் பண்ணுதேன். வேற ஒண்ணும் தேடலன்னு பண்ண மாட்டேன்."

"வேறன்னா?"

"நீ வையி பாப்போம் கைய."

ஷெர்லி வைக்கவில்லை.

(இந்த இடத்தில் தனிமனித அந்தரங்கம் பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். கையை வைக்காத இருவரும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.)

"மாமி, ஒங்க மவன் லட்சணத்தப் பாத்தீங்களா? நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன்."

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

5

இப்போது எல்லாம் ஞானதீபத்தின் வாயில் இருக்கிறது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவர் ஒப்புக்கொள்கிறார். மகன் குடும்பம் பிழைக்கிறது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவருடைய முதுகைத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டு: வாயைத் திறக்கவில்லை. ஆட்டோ நாசரேத் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறது.

மூன்று: எல்லோரும் சிரித்துக் கட்டிப்பிடித்து வைஃபையை அணைக்கிறார்கள். பத்திரிகைக்கு அனுப்பினால் போட்டுவிடுவார்கள். எனக்குக் குமட்டுகிறது.

நடந்தது இதுவரை: ஞானதீபம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வெளியே வந்தார்.

"ஏளா ஷெர்லி, பையக் கீழ வை. ஏலே, நீயும் உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும்."

அவர் சொன்னது—

எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அது என்னவென்று அறிய உங்களுக்கு அரிக்கிறது அல்லவா? அந்த அரிப்பை நம்பித்தான் அந்த நிறுவனங்கள் பிழைக்கின்றன. முடிவு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் எழுதுங்கள்.